கரி பூசாத நாடகம்

மிஷன் ஞாயிறு வருகிறதென்றால் எங்கள் பள்ளி இரண்டு வாரத்துக்கு முன்பே களை கட்டிவிடும். ஆறாம் வகுப்புக்கு முறுக்குக் கடை, ஏழாம் வகுப்புக்கு வளையம் எறிதல், எட்டாம் வகுப்புக்கு அதிர்ஷ்டக் குலுக்கல், ஒன்பதாம் வகுப்புக்குச் சர்பத் கடை, பத்தாம் வகுப்புக்கு நாடகம். இது எந்த மதர் காலத்தில் ஏற்பட்ட சட்டமோ, யாருக்கும் தெரியாது. எங்கள் அக்காமார் நடித்தார்கள். அவர்களுக்கு முன் எங்கள் அம்மாமாரில் சிலர்கூட நடித்திருக்கிறார்கள். நாடகமும் எப்போதும் ஒன்றேதான். ஆப்பிரிக்கக் காட்டுக்குள் ஒரு சிஸ்டர் வருவார்கள். காட்டுவாசிகள் ஈட்டியுடன் சூழ்ந்துகொண்டு கூச்சலிடுவார்கள். சிஸ்டர் நோயுற்ற குழந்தைக்கு மருந்து புகட்டுவார்கள். குழந்தை எழுந்து உட்காரும். எல்லோரும் முழந்தாளிடுவார்கள். திரை விழும்.

2025 அக்டோபரில் அந்த முறை எங்களுக்கு வந்தது. சிஸ்டர் வேடத்துக்குப் பதினொரு பேர் கை தூக்கினோம். காட்டுவாசி வேடத்துக்கு ஒரு கையும் எழவில்லை. சீட்டுக் குலுக்கியதில் சிஸ்டர் வேடம் எங்கள் வகுப்புத் தலைவிக்கு விழுந்தது. (சீட்டில் ஏதோ தந்திரம் நடந்ததாகப் பிற்பாடு பேச்சு உண்டு. அதை இங்கே கிளற வேண்டாம்.) காட்டுவாசிகளுக்கு எட்டுப் பேர் தேவை. ஏழு பேரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கினோம். எட்டாவது பெண்ணிடம் மட்டும் கேட்கவே இல்லை. பெயரை எழுதிக்கொண்டோம்.

அவள் ஊருக்கு வெளியே உள்ள இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வருகிறவள். 2021-ஆம் ஆண்டிலிருந்து அரசாங்கம் அதை மறுவாழ்வு முகாம் என்று குறிப்பிடுகிறது. நாங்கள் ‘கேம்ப்’ என்றுதான் சொல்வோம். அவளையும் அப்படித்தான் சொல்வோம். “கேம்ப் வந்துட்டாளா?” “கேம்ப்கிட்ட கணக்கு நோட்டு வாங்கு.” ஆறாம் வகுப்பிலிருந்தே இப்படித்தான். கூப்பிட்டால் அவளும் திரும்பிப் பார்ப்பாள். ஆகவே அதில் தவறு ஏதும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றியதில்லை. பட்டியலில் அவள் பெயரை எழுதும்போது எங்களில் ஒருத்தி, “இவளுக்கு வேஷமே வேண்டாம், நிஜ அகதிதானே!” என்றாள். நாங்கள் சிரித்தோம். அவளும் லேசாகச் சிரித்தாள்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. முதலில் இதை விட்டுவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தோம். எங்கள் தமிழ் டீச்சர் வாசித்துவிட்டு, “நடந்ததை எழுதுவதானால் அதையும் எழுதுங்கள். இல்லையேல் கட்டுரையே வேண்டாம்” என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், மடத்துக்கு விருந்தினராக ஒரு சிஸ்டர் வந்திருந்தார்கள். எங்கள் பள்ளியின் பழைய மாணவி. பத்து ஆண்டுகளாக இத்தாலி நாட்டைச் சேர்ந்த சிசிலித் தீவில், பலெர்மோ என்னும் நகரத்தில் இருக்கிறார்கள். வயதான தாயாரைப் பார்க்க ஒரு மாத விடுப்பில் வந்தவர்களை, மதர் எங்கள் ஒத்திகைக்கு அழைத்து வந்தார்கள். “ஆப்பிரிக்கர்களுக்கு ஊழியம் செய்கிற சிஸ்டர், உங்கள் நாடகத்தைப் பார்த்துத் திருத்தம் சொல்வார்கள்” என்றார்கள்.

எங்களுக்கு ஒரே உற்சாகம். கொட்டாங்கச்சிக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, காட்டுவாசிகள் எட்டுப் பேரும் முகத்திலும் கையிலும் வழித்துப் பூசிக்கொண்டோம். ஈட்டியை ஆட்டினோம். “ஊகா, ஊகா” என்று கத்தினோம். குழந்தை எழுந்து உட்கார்ந்தது. முழந்தாளிட்டோம். சிஸ்டர் கை தட்டினார்கள்.

“முகத்தைக் கழுவிட்டு வாங்க” என்றார்கள். “லேசுல போகாது. சீயக்காய் போட்டுத் தேய்ங்க. 1994-ல நானும் இதே மேடையில ஈட்டி பிடிச்சிருக்கேன். அன்னைக்கு ராத்திரி எங்க வீட்டுத் தலையணை எல்லாம் கரி.”

கழுவியும் கழுவாமலும் வேப்ப மரத்தடியில் வந்து உட்கார்ந்தோம். அடுத்த இரண்டு பாடவேளையும் எங்களுக்குத் திருத்தம் வரப்போகிறது என்று நினைத்தோம். நாடகத்தைப் பற்றி சிஸ்டர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

“ஆப்பிரிக்காவில் சிங்கம் பார்த்தீர்களா சிஸ்டர்?” என்று முன்வரிசையில் ஒருத்தி தொடங்கி வைத்தாள்.

“நான் ஆப்பிரிக்காவையே பார்த்ததில்லையேம்மா” என்றார்கள் சிஸ்டர்.

பிறகு உலகப் படத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். இத்தாலி பூட்ஸ் கால் போல இருக்கிறது. அது உதைக்கப் போகும் பந்துபோல இருப்பது சிசிலி. அதற்கும் தெற்கே, துனிசியாவுக்குப் பக்கத்தில், பேனா முனை பட்டதுபோல ஒரு புள்ளி. அதுதான் லாம்பெடூசா தீவு. 2013 அக்டோபர் 3-ஆம் தேதி விடியற்காலையில் அந்தக் கரைக்கு அருகே ஒரு படகு தீப்பிடித்துக் கவிழ்ந்தது. 368 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் எரித்ரியா நாட்டினர். அந்த நாளை 2016-ஆம் ஆண்டிலிருந்து இத்தாலியில் நினைவு நாளாகவே சட்டம் செய்துவிட்டார்கள். அதற்கு மூன்று மாதம் முன்புதான், அதே 2013 ஜூலை 8-இல், திருத்தந்தை பிரான்சிஸ் அந்தத் தீவுக்குப் போயிருந்தார்கள். பதவியேற்றபின் ரோமாபுரிக்கு வெளியே அவர்கள் சென்ற முதல் பயணம் அது. அன்று திருப்பலி நிறைவேற்றிய பீடம் ஒரு படகு. கையில் ஏந்திய இரசக் கிண்ணமும் உடைந்த படகின் மரத்தில் அந்த ஊர்த் தச்சர் கடைந்தது. எங்கள் மறைக்கல்வி வகுப்பில் திருத்தந்தை பிரான்சிஸ் 2025 ஏப்ரலில் இறந்தபோது அவர்கள் வரலாற்றை எழுதி மனப்பாடம் செய்தோம். இந்தப் படகுப் பீடம் அதில் இல்லை.

சிஸ்டர் பலெர்மோவுக்குப் போனது 2015-இல். அடுத்த ஆண்டு, 2016-இல் மட்டும், கடல் வழியாக இத்தாலிக்கு வந்து சேர்ந்தவர்கள் 1,81,000-க்கும் மேல். நைஜீரியா, காம்பியா, செனகல், மாலி, ஐவரி கோஸ்ட், எரித்ரியா என்று பல நாட்டவர். பஞ்சம் காரணமாக வந்தவர்கள் உண்டு. போர், கொடுங்கோல் காரணமாக வந்தவர்கள் உண்டு. முடிவே இல்லாத கட்டாய இராணுவ சேவையிலிருந்து தப்பி வந்த எரித்ரிய இளைஞர்கள் உண்டு. வேலை தேடி வந்தவர்களும் உண்டு. நைஜர் நாட்டில் அகடேஸ் என்ற ஊரில் லாரி ஏறி, சகாரா பாலைவனத்தைக் கடந்து, லிபியாவில் மாதக் கணக்கில் அடைபட்டுக் கிடந்து, கடைசியில் ரப்பர் படகு. நடுக்கடலில் கப்பல்கள் அவர்களை ஏற்றிக்கொண்டு வந்து பலெர்மோ துறைமுகத்தில் இறக்கும். கரையில் மருத்துவர்கள், போலீசார், கத்தோலிக்க சேவை அமைப்பான காரித்தாஸைச் சேர்ந்தவர்கள் எல்லோரும் காத்திருப்பார்கள்.

“முதல் நாள் என்னையும் கூட்டிப் போனாங்க. நான் மறைக்கல்விப் புத்தகம், ஜெபமாலை எல்லாம் பையில எடுத்துக்கிட்டேன். மிஷனரியாச்சே! அங்க என் கையில கொடுத்தது என்ன தெரியுமா? ஒரு அட்டைப் பெட்டி நிறைய ரப்பர் செருப்பு.”

படகில் ஏறுகிறவர்களின் காலணிகள் போய்விடுமாம். கப்பலிலிருந்து இறங்குகிற எல்லோரும் வெறுங்காலோடு இறங்குவார்களாம். சிமெண்டுத் தரை வெயிலில் கொதிக்கும். சிஸ்டரின் வேலை, காலைப் பார்த்து அளவை ஊகித்து ஒரு ஜோடி எடுத்து நீட்டுவது. அன்று ஐந்நூறு பேருக்கு மேல். “முகத்தை நான் பார்க்கவே இல்லை. கால்தான் பார்த்தேன். இன்னைக்கும் சிலபேரைக் காலை வைச்சுத்தான் ஞாபகம்.”

பெண்களில் பலர் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இறங்கினார்கள். படகின் ஓரம் ஆபத்தென்று பெண்களையும் குழந்தைகளையும் நடுவில் உட்கார வைப்பார்களாம். அங்கேதான் கேனிலிருந்து சிந்திய பெட்ரோல் கடல் நீரோடு கலந்து தேங்கும். அதில் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் நெருப்புப் பட்டதுபோலத் தோல் வெந்துவிடும். பத்திரமான இடம் என்று வைத்த இடம்! இதைச் சொல்லிவிட்டு சிஸ்டர் கொஞ்ச நேரம் வேப்பம் பழத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

செருப்பு வாங்கிக்கொண்டவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. போன் இருக்கிறதா? அம்மாவிடம் பேச வேண்டும்.

“நீங்க எத்தனை பேரை மனந்திருப்பினீங்க சிஸ்டர்?” என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். மறைக்கல்வித் தேர்வில் முதல் பரிசு வாங்குகிறவள். அவளுக்கு எண்ணிக்கை முக்கியம்.

சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள். “எனக்கு அப்ப இத்தாலிய மொழியில தண்ணி கேட்கத் தெரியாது. யாரை மனந்திருப்ப? நைஜீரியாக்காரங்க, கானாக்காரங்க பாதிப் பேர் பிறவிக் கிறிஸ்தவங்க. ஞாயிற்றுக்கிழமை அவங்க பாட ஆரம்பிச்சா கோயில் கூரை எழும்பும். நம்ம பாடகர் குழு பக்கத்துல நிக்க முடியாது. காம்பியா, செனகல் பையங்க முஸ்லிம்கள். நோன்பு நாள்ல ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காம தக்காளித் தோட்டத்துல வேலை செய்வாங்க. அவங்களைப் பார்த்துத்தான் நான் தவக்காலத்தை ஒழுங்கா அனுசரிக்கக் கத்துக்கிட்டேன்.”

அப்படியானால் மிஷனரி என்று போய் என்னதான் செய்கிறார்கள்? எங்களுக்கு அது பெரிய புதிராக இருந்தது. வரிசையில் நிற்கிறேன் என்றார்கள். விளையாட்டாகச் சொல்கிறார்கள் என்றே நினைத்தோம். உண்மையிலேயே அதுதான் வேலை. வந்தவர்களுக்கு அங்கே தங்க ஒரு அனுமதிச் சீட்டு வேண்டும். அது இல்லாவிட்டால் முறையான வேலை இல்லை, வீடு இல்லை. அதற்கு ஓர் அலுவலகம், ஓர் ஜன்னல், ஒரு வரிசை. மொழி தெரியாதவர்களுக்குத் துணையாக சிஸ்டர் போவார்கள். விடியற்காலை நான்கு மணிக்குப் போனால் பகல் பதினொரு மணிக்கு ஜன்னல் வரும். ஒரு காகிதம் குறைகிறது என்பார்கள். “டொமானி” என்பார்கள். டொமானி என்றால் நாளைக்கு. சிஸ்டர் முதன்முதலில் கற்றுக்கொண்ட இத்தாலியச் சொல் அதுதானாம்.

“இதுல வேடிக்கை என்னன்னா, நானும் வெளிநாட்டுக்காரிதானே. எனக்கும் அதே சீட்டு வேணும். விரல் ரேகை வைக்கணும். ஒரு தடவை ஒரு மாலிப் பையனைக் கூட்டிக்கிட்டுப் போய் நின்னேன். அடுத்த வாரம் என் சீட்டைப் புதுப்பிக்கப் போய் நின்னேன். அவன் வேற வேலையா வந்தவன் என்னைப் பார்த்துட்டு ஓடி வந்து, ‘சிஸ்டர், இந்த வரிசை இல்லை, அந்த வரிசை’ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போய் விட்டான்.”

பலெர்மோ நகரத்தைப் பற்றியும் நிறையச் சொன்னார்கள். பல்லாரோ என்று பழைய சந்தை ஒன்று. மத்தி மீன் குவியலும், பழக் கடைக்காரர்கள் இராகம் போட்டுக் கூவுவதும், அதன் நடுவே ஆப்பிரிக்கப் பெண்களின் துணிக் கடைகளும். அங்கே கடலை மாவைக் கிண்டித் தட்டையாக வெட்டி எண்ணெயில் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தருவார்களாம். பெயர் பனெல்லே. “காய் இல்லாத பஜ்ஜிதான். முதல் தடவை வாயில போட்டதும் கண்ணுல தண்ணி வந்துட்டுது.” (இந்த இடத்தில் எங்களுக்கு வாயில் தண்ணீர் வந்தது. கடைசிப் பாடவேளை அல்லவா!) அந்தச் சந்தைக்கு அருகிலேயே சலேசிய குருக்களின் சாந்தா கியாரா நிலையம் இருக்கிறது. அதன் முற்றத்தில் சிசிலிப் பிள்ளைகளும் ஆப்பிரிக்கப் பிள்ளைகளும் ஒன்றாகப் பந்து விளையாடுகிறார்கள். பியாஜ்ஜோ கோன்தே என்றொருவர் அந்த நகரத்தில் இருந்தார். குருவும் அல்லர், துறவற சபையைச் சேர்ந்தவரும் அல்லர். வசதியான குடும்பத்தில் பிறந்தவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, 1990-களின் தொடக்கத்தில் ரயில் நிலையத்தில் வீடற்றவர்களோடு படுத்துறங்கத் தொடங்கினார். அவர் ஏற்படுத்திய இல்லங்களில் ஏராளமான ஆப்பிரிக்கர்கள் தங்கினார்கள். 2018 செப்டம்பர் 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் பலெர்மோ வந்தபோது மதிய உணவு உண்டது அந்த இல்லத்தில்தான். 2023 ஜனவரியில் பியாஜ்ஜோ கோன்தே இறந்தார்.

ஆனால் எங்களை அசத்தியது வேறு ஒரு செய்தி. பலெர்மோவின் பாதுகாவலர்களில் ஒருவரே ஓர் ஆப்பிரிக்கர்! புனித பெனடிக்ட். கறுப்பு நிறத்தவர் என்பதால் ‘இல் மோரோ’ என்று அடைமொழி. ஆப்பிரிக்க அடிமைகளின் மகனாகச் சிசிலியில் பிறந்து, பிரான்சிஸ்கன் மடத்தில் சமையல்காரராக இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் 1578-இல் அவரையே மடத்துத் தலைவராக்கினார்கள். பதவிக் காலம் முடிந்ததும் திரும்பவும் அடுப்படிக்கே போய்விட்டார். 1589-இல் இறந்தார். 1807-இல் புனிதர் பட்டம். நாங்கள் மேடையில் ஈட்டி பிடித்துக் கத்துகிற காலத்துக்கு எத்தனையோ முன்னால் ஆப்பிரிக்கர் ஒருவர் அங்கே மடத்துத் தலைவர்! எங்கள் காதோரத்தில் அப்போதும் கரி இருந்தது.

“ஊர்ல எல்லாரும் அன்பாத்தான் இருப்பாங்களா சிஸ்டர்?”

“இருக்கிறவங்களும் உண்டு, இல்லாதவங்களும் உண்டு. எந்த நாட்டுக்காரனா இருந்தாலும் ‘மரொக்கினோ’ம்பாங்க. மொராக்கோக்காரன்னு அர்த்தம். அவன் கானாவா இருப்பான், செனகலா இருப்பான். பேரைக் கேட்க மாட்டாங்க. அவனும் பழகிப்போய் திரும்பிப் பார்ப்பான்.”

நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. எல்லோரும் கவனமாகத் தரையைப் பார்த்தோம்.

நைஜீரியாவிலிருந்து வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றி அழைத்து வரப்படும் பெண்களைப் பற்றித் தொடங்கி, மதரைப் பார்த்துவிட்டு, “அது நீங்க பெரியவங்களானதும்” என்று நிறுத்திவிட்டார்கள். எங்களுக்குப் புரியாததுபோல் இருந்தோம். சூடானில் அடிமையாக விற்கப்பட்டு இத்தாலியில் துறவியாகி 2000-ஆம் ஆண்டில் புனிதர் பட்டம் பெற்ற புனித பகித்தாவிடம் அந்தப் பெண்களுக்காகத்தான் சிஸ்டர் தினமும் வேண்டுகிறார்களாம்.

எங்கள் வயதுப் பிள்ளைகளும் தனியாக வருகிறார்களா என்று கேட்டோம். நிறைய வருகிறார்கள். தாய் தகப்பன் இல்லாமல் பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள். 2017-இல் வந்த ஒரு சட்டப்படி, அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஊராரில் விரும்புகிறவர்கள் பயிற்சி பெற்றுப் பாதுகாவலராகலாம். பதினெட்டு வயது வரைக்கும் அவர்களுக்கென்று விடுதி, படிப்பு எல்லாம் உண்டு. பதினெட்டு நிறைந்தால் அது முடிந்துவிடும்.

இங்கேதான் சிஸ்டரின் குரல் மாறிற்று. காம்பியாவிலிருந்து வந்த ஒரு பையனுக்கு அவர்கள் எழுத்து கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகள். பதினெட்டாவது பிறந்த நாளுக்கு மடத்தில் கேக் செய்து எடுத்துப் போனார்கள். அவன் கேக்கைப் பார்த்து அழுதான். சந்தோஷத்தில் அழுகிறான் என்று நினைத்து சிஸ்டர் கை தட்டிப் பாடினார்களாம். மறுநாள் விடுதியில் அவன் கட்டிலில் வேறு பையன் இருந்தான். வடக்கே எங்கோ போய்விட்டான் என்றார்கள். அதன் பிறகு தகவல் இல்லை.

“நீதிமன்றத்துல கேட்டிருந்தா இருபத்தொரு வயசு வரைக்கும் நீட்டிக் கொடுத்திருப்பாங்க. அதே சட்டத்துல இருக்கு. பதினெட்டு ஆகிறதுக்கு முன்னாடி கேட்கணும். எனக்கு அது தெரியலை. கேக் செய்யத் தெரிஞ்சது, அது தெரியலை.” அதன் பிறகுதான் சிஸ்டர் இரவில் உட்கார்ந்து அகராதியும் கையுமாகச் சட்டம் படிக்கத் தொடங்கினார்களாம். இப்போது வக்கீல்களே அவர்களிடம் தேதி கேட்கிறார்கள் என்று மதர் பெருமையாகச் சொன்னார்கள். சிஸ்டர் அதற்குச் சிரிக்கவில்லை.

அப்போதுதான் பின்னால், தண்ணீர்த் தொட்டி அருகே உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து அவள் வகுப்பில் கேள்வி கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. நெற்றியில் கரி அப்படியே இருந்தது.

“சிஸ்டர், அவங்களுக்கு எத்தனை வருஷத்துல சிட்டிசன்ஷிப் கிடைக்கும்?”

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்கள். “சாதாரணமா வந்து தங்கினவங்க பத்து வருஷம் முறையாக் குடியிருந்தா விண்ணப்பம் போடலாம். அகதின்னு அரசாங்கம் ஏத்துக்கிட்டவங்களுக்கு அஞ்சு வருஷம். பத்தை அஞ்சாக் குறைக்கணும்னு 2025 ஜூன்ல வாக்கெடுப்பு வைச்சாங்க. பாதிப் பேர்கூட வாக்குப் போட வரலை, செல்லாமப் போச்சு.”

“அங்கேயே பிறந்தா?”

“பதினெட்டு வயசு வரைக்கும் அங்கேயே இருந்தா, அப்புறம் கேட்டு வாங்கிக்கலாம்.”

அவள் மனதுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. “எங்க அப்பா 1990-ல வந்தாங்க. ஆறு வயசு. இப்ப முப்பத்தஞ்சு வருஷம் ஆகுது” என்றாள். “நான் இங்க பிறந்தவள்தான்.” அவ்வளவு சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

முப்பத்தைந்து! கணக்கு டீச்சரே அருகில் இருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் இப்படி நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன. 1987 ஜூலை 1-க்குப் பிறகு இங்கே பிறந்தவர்கள், பிறந்த காரணத்தால் மட்டும் இந்நாட்டுக் குடிமக்கள் ஆகமாட்டார்கள். 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்கள் சேர்க்கப்படவில்லை. இவையெல்லாம் நாங்கள் பின்னால் சமூக அறிவியல் டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை. நான்கரை ஆண்டுகள் ஒரே வகுப்பில் இருந்தவளிடம் கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். மாதத்தில் சில நாள் அவள் பள்ளிக்கு வராமலிருப்பதும், “முகாம்ல செக்கிங்” என்று எழுதி விடுப்புக் கடிதம் கொடுப்பதும் எங்களுக்குத் தெரியும். எதைச் செக் செய்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

மணி அடித்தது. சிஸ்டர் நேரே அவளிடம் போனார்கள். பலெர்மோவில் பெல்லக்ரீனோ மலை என்று ஒன்று உண்டாம். 1624-இல் கொள்ளை நோயிலிருந்து நகரத்தைக் காத்ததாகக் கொண்டாடப்படும் புனித ரொசாலியாவின் குகைக் கோயில் அதன் மேலே இருக்கிறது. பலெர்மோவில் குடியேறிய இலங்கைத் தமிழர்கள், கிறிஸ்தவர்களும் இந்துக்களுமாக, அங்கே நடந்து மலையேறி வருவார்களாம். போன புதிதில் சிஸ்டர் வழி தெரியாமல் அங்கே நின்றபோது ஒரு அம்மா, “எங்கையிருந்து வந்தனீங்கள் பிள்ளை?” என்று கேட்டார்களாம். “ஆறு மாசம் கழிச்சுக் காதுல விழுந்த முதல் தமிழ்” என்றார்கள் சிஸ்டர். எங்கள் தோழி அதற்கு, “எங்க அம்மம்மாவும் அப்படித்தான் கதைப்பாங்க” என்றாள். ‘கதைப்பாங்க’ என்ற சொல்லை அவள் வாயிலிருந்து அன்றுதான் முதலில் கேட்டோம். இவ்வளவு நாளும் அதை எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ!

மறுநாள் காலை, எங்கள் வகுப்புத் தலைவியும் இன்னும் மூன்று பேரும் அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனோம். கதைகளில் வருவதுபோலக் கட்டிப் பிடித்து அழுதல் எதுவும் நடக்கவில்லை. “எதுக்கு?” என்றாள். சொன்னோம். கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, “கேம்ப்னு கூப்பிடாதீங்க, அவ்வளவுதான். எங்க முகாம்ல வந்து அப்படிக் கூப்பிட்டா இருநூறு பேர் திரும்பிப் பார்ப்பாங்க” என்றாள். நாடகத்தில் நடிக்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள்.

அவள் மட்டுமல்ல, காட்டுவாசிகள் எட்டுப் பேருமே ஈட்டியைப் போட்டுவிட்டோம். நாடகத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. புது நாடகம் எழுதுவோம் என்றோம். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. “வருஷாவருஷம் போடுறதை மாத்தினா மக்கள் ரசிக்க மாட்டாங்க, வசூல் குறையும்” என்றது ஒரு கட்சி. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வசூல் மிஷனுக்கல்லவா போகிறது? மதர் ஒரு நாள் முழுவதும் யோசித்தார்கள். சிஸ்டரிடம் கேட்டதற்கு, “பிள்ளைங்க விருப்பம்” என்று சொல்லிவிட்டு 14-ஆம் தேதி விமானம் ஏறிவிட்டார்கள். கடைசியில் தமிழ் டீச்சர் பொறுப்பேற்றுக்கொண்டதால் அனுமதி கிடைத்தது.

நாடகத்தில் மூன்றே காட்சிகள். துறைமுகம், அலுவலகம், பிறந்த நாள். யாரும் முகத்தில் எதுவும் பூசிக்கொள்வதில்லை என்று தீர்மானம். காட்டுவாசி வேடத்துக்கு ஆள் கிடைக்காத வகுப்பில், இப்போது கப்பலிலிருந்து இறங்குகிற வேடத்துக்கு இருபத்திரண்டு பேர். சிஸ்டர் வேடத்துக்குத்தான் ஆள் இல்லை. எங்கள் வகுப்புத் தலைவியே, “எனக்கு வேண்டாம், கேக் காட்சியில் அழுதுவிடுவேன்” என்று விலகப் பார்த்தாள். வெள்ளைச் சேலை அவளுக்கென்று வாங்கியாயிற்று என்று பிடித்து நிறுத்தினோம்.

ஜன்னலுக்குப் பின்னால் உட்காரும் அதிகாரிக்கு மட்டும் சரியான ஆள் அமையவில்லை. மூன்று பேர் முயன்றார்கள். ஒருத்தி கத்தினாள், ஒருத்தி சிரித்துவிட்டாள், ஒருத்தி எங்கள் மதரைப்போலப் பேசினாள், அது வேறு சங்கடம். மூன்றாம் நாள் ஒத்திகையைத் தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், “அப்படி இல்லை” என்று வந்தாள். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். எதிரில் நிற்கிறவளை ஏறிட்டே பார்க்கவில்லை. காகிதங்களை மெதுவாக ஒவ்வொன்றாகத் திருப்பினாள். எச்சில் தொட்டு மறுபடியும் திருப்பினாள். கடைசித் தாளில் விரலை வைத்து, “இதுல ஒரு கையெழுத்து இல்லையே” என்று மிகவும் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, “டொமானி. அடுத்தது!” என்றாள்.

எங்களுக்கு மேல் மூச்சு வாங்கிற்று. எங்கே கற்றாய் என்று யாரும் கேட்கவில்லை. அந்த வேடம் அவளுக்கே ஆயிற்று.

அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை, தீபாவளி விடுமுறைக்கு முந்தைய நாள். மைதானம் நிறையப் பெற்றோர். அவளுடைய அப்பாவும் வேலையை முடித்துக்கொண்டு, சுண்ணாம்பு படிந்த சட்டையோடு வந்து கடைசி வரிசையில் நின்றார்கள். பெயின்ட் அடிக்கிற வேலை. துறைமுகக் காட்சிக்காக வகுப்பில் எல்லோரும் வீட்டிலிருந்து செருப்புகள் கொண்டுவந்து அட்டைப் பெட்டிகளில் நிரப்பியிருந்தோம். நாற்பது ஜோடிக்கு மேல். வெறுங்காலோடு இருபத்திரண்டு பேர் இறங்கி வர, வகுப்புத் தலைவி ஒவ்வொரு காலாகக் குனிந்து பார்த்துச் செருப்பு எடுத்து வைக்க, வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டோம். கூட்டத்தில் முதலில் சலசலப்பு. “சிங்கம் எப்போ வரும்?” என்று முன்வரிசையில் ஒரு குட்டிப் பையன் கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது. பத்தாவது காலுக்குப் பிறகு சத்தம் அடங்கிவிட்டது.

அலுவலகக் காட்சிக்குத்தான் பெரிய கைதட்டல். “டொமானி” என்று அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும் பெற்றோர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரேஷன் கடை, தாலுகா ஆபீஸ் எல்லாம் நினைவுக்கு வந்திருக்கும். நாங்கள் திரைக்குப் பின்னாலிருந்து அவள் அப்பாவைப் பார்த்தோம். முதலிரண்டு தடவை அவரும் சிரித்தார். மூன்றாம் தடவை சிரிக்கவில்லை. தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாடகம் முடியும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தார்.

வசூல் குறையவில்லை என்பதை எதிர்க்கட்சிக்காக இங்கே பதிவு செய்கிறோம். ஆனால் செருப்புகள் எல்லாம் கலந்துபோய், இருட்டும்வரை ஜோடி தேடினோம். வலது கால் ஒருத்தியுடையதும் இடது கால் வேறொருத்தியுடையதுமாக நான்கைந்து பேர் வீட்டுக்குப் போக நேர்ந்தது. சர்பத் கடை ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் அம்மா ஒருவரின் புதுச் செருப்பு இன்றுவரை கிடைக்கவில்லை. அதற்கும் இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

இந்தக் கட்டுரையில் எங்கள் தோழியின் பெயரைப் போட விரும்பினோம். இத்தனை நாள் சொல்லாத பெயரை அச்சிலாவது சொல்லலாமே என்று. அவள் ஒப்புக்கொள்ளவில்லை. “முகாம்ல எல்லாரும் வாசிப்பாங்க. அதிகாரியை மாதிரி நடிச்சேன்னு எழுதியிருக்கீங்க. வேண்டாம்” என்றாள். ஆகவே போடவில்லை.

நவம்பர் மாதத்தில் ஒரு நாள், மதர் தம்முடைய கைப்பேசியை வகுப்புக்குக் கொண்டுவந்து சிஸ்டர் அனுப்பிய குரல் செய்தியைப் போட்டுக் காட்டினார்கள். பின்னால் ஒரே இரைச்சல், பல மொழிகள். நாடகத்தின் படங்களைப் பார்த்தார்களாம். பனெல்லே விற்பவரிடமும் காட்டினார்களாம். தம்முடைய அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்க அலுவலக வாசலில் நிற்பதாகவும், குளிர் தொடங்கிவிட்டதாகவும், கையில் கிடைத்த எண் 87 என்றும், இப்போது 30-ஆவது எண்தான் போகிறதென்றும் சொன்னார்கள்.

“87-ஆ?” என்றாள் எங்கள் தோழி பின் பெஞ்சிலிருந்து. “சாப்பாடு கொண்டு போயிருக்காங்களான்னு கேளுங்க மதர்.”